சனிக்கிழமைக்கு ஒரு தப்பு

சனிக்கிழமைக்குள் ஆளுக்கு ஒரு தப்பு தயாராக இருக்க வேண்டும். ஆஸ்பத்திரிச் சலவையகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அழுக்குத் துணியைவிட இதுதான் பெரிய தலைவலி. சனிக்கிழமை மதியம் இயந்திரங்களை நிறுத்திவிட்டு, ஈரத் தரையில் பெஞ்சுகளை இழுத்துப் போட்டு எல்லோரும் உட்காருவார்கள். எதிரே நாற்காலியில் கட்சிச் செயலாளர். ஒவ்வொருவராக எழுந்து அந்த வாரம் தான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். சுயவிமர்சனம் என்று அதற்குப் பெயர்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தன் குறையைத் தானே சொல்லித் திருந்துகிற ஜனங்கள் உள்ள நாடு உருப்படாமல் போகுமா? ஆனால் சொல்கிறவர்களுக்குத்தான் கஷ்டம் தெரியும். தப்பே செய்யவில்லை என்றால் திமிர். பெரிதாக ஒன்றைச் சொன்னால் தொலைந்தோம். நடுத்தரமாக ஒன்று வேண்டும். சோப்புத் தூளை அளவுக்கு மேல் கொட்டிவிட்டேன், அரசியல் வகுப்பில் கண்ணயர்ந்துவிட்டேன், அந்த மாதிரி. போன மாதம் சொன்னதையே மறுபடி சொன்னால் திருந்தவில்லை என்று அர்த்தம். பக்கத்தில் இருப்பவள் சொன்னதையே சொன்னால் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அதைவிடப் பெரிய குற்றம் அங்கே கிடையாது. கட்சிக்குத் தெரியாமல் இரண்டு பேர் கூடிப் பேசினால் அதுவே இன்னொரு கட்சி என்பார் செயலாளர்.

பெரியவள் இதில் கெட்டிக்காரி. சலவையகத்தில் விரிப்பு மடிக்கிற வேலை அவளுக்கு. அவளுடைய கணவர் அங்கேயே பாய்லர் பார்க்கிறவர். கணவரின் தம்பி லாரி டிரைவர். ஆஸ்பத்திரிகளிலிருந்து மூட்டை மூட்டையாக அழுக்குத் துணி கொண்டு வருவான். தம்பியின் மனைவி, இளையவள், பெரியவளோடு சேர்ந்து மடிக்கிறவள். நான்கு பேரும் சலவையகக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் ஒரே வீட்டில் இருந்தார்கள். இரண்டு அறை, ஒரு சமையலறை. ஜன்னல் வைத்த பெரிய அறை அண்ணனுக்கு. தம்பிக்குக் கிடைத்தது முன்பு சாமான் போட்டு வைத்திருந்த அறை. கட்டிலைப் போட்டால் கதவை முழுக்கத் திறக்க முடியாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்ததும் பெரியவள் ரொட்டியைத் துண்டு போடுவாள். கூடவே தப்புகளையும் பங்கு வைப்பாள். "நீங்க நிலக்கரி சாம்பல சூடு ஆறாம அள்ளிப் போட்டீங்கன்னு சொல்லுங்க. தம்பி, நீ லாரிய மூட்டை இறக்கற எடத்துல நிறுத்தாம நிழலப் பாத்து நிறுத்தினேன்னு சொல்லு. ஏம்மா, உனக்கு மடிப்பு கோணிப்போச்சு, வச்சுக்க." யாருக்கும் இரண்டு தடவை ஒன்றே வராமல் பார்த்துக்கொள்வாள். எல்லாம் அவள் மண்டைக்குள்ளேயே இருந்தது. மாடிப்படியில் அக்கம்பக்கத்துப் பெண்கள்கூட நிறுத்திக் கேட்பார்கள். "அக்கா, நாளைக்கு ஒன்னும் அம்பிடல, ஒன்னு குடுங்களேன்." சர்க்கரை கேட்பது மாதிரிக் கேட்பார்கள். அவளும் இல்லையென்று சொன்னதில்லை.

இதை வைத்து அவளைப் போலி என்று நினைத்துவிடக் கூடாது. முதலாளி காலத்தில் அதே சலவையகத்தில் அவள் துவைத்திருக்கிறாள். வேலை முடிந்து போகும்போது வாசலில் பெண்களைச் சேலையை உதறச் சொல்லிச் சோதனை போட்ட காலம் அது. ஆட்சி மாறிய அன்று அந்த வாசல் கதவைக் கழற்றி எறிந்தவர்களில் அவளும் ஒருத்தி. உடம்புக்கு வந்தால் இலவசமாக டாக்டர், பிள்ளை பெற்றால் சம்பளத்தோடு ஓய்வு, வயிற்றில் குழந்தை இருப்பவளை வெளியூருக்கு மாற்றக் கூடாது என்று சட்டம், இதெல்லாம் வந்ததை அவள் கண்ணால் பார்த்தவள். சலவையகம் இனி நம் எல்லோருக்கும் சொந்தம் என்று சொன்னபோது அழுதிருக்கிறாள். இன்றைக்கும் அதை யாராவது கிண்டல் செய்தால் அவளுக்குக் கோபம் வரும்.

சொந்தம் என்னவோ எல்லோருக்கும்தான். பொறுப்பு யாருக்கு என்பதில்தான் குழப்பம். வேலை கொடுப்பது குழு, வீடு ஒதுக்குவது குழு, புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தீர்ப்பதும் குழு. குழுவுக்கு மேலே ஒரு குழு, அதற்கும் மேலே தலைநகரத்தில் பெரிய குழு. அங்கேதான் திட்டம் போடுவார்கள். எந்த ஊரில் எத்தனை விரிப்பு வெளுக்க வேண்டும் என்பதும் எந்த பாய்லருக்கு எப்போது வால்வு மாற்ற வேண்டும் என்பதும் அங்கேயே முடிவாகிவிடும். கேள்வி இங்கிருந்து மேலே போகாது, உத்தரவு மேலிருந்து கீழே வரும். கையை மட்டும் இங்கே தூக்க வேண்டும்.

அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. கொடியில் போட்ட விரிப்பு காய மாட்டேன் என்றது. உள்ளே ஆவியில் உலர்த்தலாம் என்றால் பாய்லர் வால்வு கசிந்தது. பாய்லர்காரர் கந்தல் துணியைச் சுற்றிக் கட்டிக் கட்டி, முழங்கை வரை வெந்து போய் வீட்டுக்கு வருவார்.

"வால்வு வந்துச்சாண்ணே?" என்று சாப்பிடும்போது டிரைவர் கேட்டான்.

"எங்க வருது. அடுத்த வருஷத் திட்டத்துல சேத்துக்கறோம்னு பதில் வந்துருக்கு. ஆவி இந்த வருஷமே கசியுது, அதுக்குத் திட்டம் தெரியல."

"செயலாளர்கிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன்டா. அவரும் என்னைப் போலத்தான் கையை விரிக்கறாரு. முன்னெல்லாம் முதலாளின்னு ஒருத்தன் இருந்தான். அயோக்கியன்தான், இல்லைங்கல. ஆனா திட்டறதுக்குன்னு ஒரு ஆள் இருந்தான். இப்ப எல்லாருமே முதலாளி. யாரைப் போய்த் திட்டறது?"

இளையவளுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. டிரைவர் மேசையைத் தட்டிச் சிரித்தான். பெரியவள் மட்டும், "கண்ணாடியப் பாத்துத் திட்டிக்குங்க, நீங்களும் ஒரு முதலாளிதான" என்றாள். பிறகு அவளும் சிரித்தாள். சூப்பைக் குடித்துவிட்டு அவரவர் படுக்கப் போனார்கள். அவ்வளவுதான் நடந்தது.

இரண்டு வாரம் கழித்து, சனிக்கிழமைக் கூட்டம் முடியப்போகிற நேரத்தில் செயலாளர் எழுந்தார். அவரும் முன்பு துவைத்தவர்தான். கொதிநீர் பட்டு ஒரு கை சுருங்கிப்போனவர். சத்தம் போட்டுப் பேசுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

"தோழர்களே, பாய்லர் பக்கம் ஒரு பேச்சு நடமாடறதா கேள்விப்படறேன். முன்னாடி திட்டறதுக்கு முதலாளின்னு ஒருத்தன் இருந்தானாம், இப்ப யாரைத் திட்டறதுன்னு தெரியலயாம். சொன்னவங்க யாருன்னு நான் கேக்கப் போறதில்ல. அடுத்த சனிக்கிழமை தானா எழுந்து சொன்னா சுயவிமர்சனம். சொல்லலன்னா அதுக்கு வேற பேரு."

பாய்லர் பக்கம் என்றால் பாய்லரிடம் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார். வேற பேரு என்றால் என்ன என்பதும் எல்லோருக்கும் தெரியும். கல்லுடைக்கிற ஊருக்கு மாற்றிவிடுவார்கள். ரயில் போய்ச் சேரவே நாளாகும். அங்கே போனவர்கள் திரும்பி வந்து யாரும் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் நான்கு பேரும் தனித்தனியாக நடந்தார்கள். அந்தப் பேச்சு நடந்தது நான்கு சுவருக்குள்ளே. கேட்டவர்கள் நான்கு பேர். சொன்னவரைக் கழித்தால் மூன்று பேர்.

பெரியவள் தன்னையும் கழித்துவிட்டாள். மிச்சம் இரண்டு பேரில் அவளுடைய சந்தேகம் நேராக இளையவள் மேல் போய் உட்கார்ந்தது. அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். பிள்ளை பிறந்தால் அந்தச் சாமான் அறையில் தொட்டிலை எங்கே போடுவது? அண்ணனும் அண்ணியும் ஊரைவிட்டுப் போனால் ஜன்னல் அறை தானாகக் கைக்கு வரும். இதைக் கணக்குப் போட்ட பிறகு, இளையவள் இதற்கு முன் செய்ததெல்லாம் பெரியவளுக்கு வேறு விதமாகத் தெரிந்தது. போன மாதம் ஜன்னல் அறைக்கு வந்து, "நல்லா காத்து வருதே அக்கா" என்று சொன்னாளே, சும்மாவா சொன்னாள்?

"அவ இல்ல" என்றார் பாய்லர்காரர். "அந்தப் புள்ள அப்படிச் செய்யாது."

"அப்ப உங்க தம்பியா?"

அவர் வெந்த கையில் எண்ணெய் தடவிக்கொண்டார்.

சின்ன அறையிலும் இதே கணக்குதான் ஓடிக்கொண்டிருந்தது. இளையவள் யாரிடமும் சொல்லவில்லை. அது அவளுக்கே தெரியும். அக்கா தன் புருஷனைத் தானே காட்டிக்கொடுப்பாளா? அப்படியென்றால் மிச்சம் இருப்பது தன் புருஷன்தான். டிரைவர் ஊரெல்லாம் சுற்றுகிறவன், ஓட்டைவாய். லாரி நிறுத்துகிற இடத்தில் செயலாளரோடு சிகரெட் பிடிக்கிறான். அறையைப் பற்றிப் புலம்பாத நாள் இல்லை.

"நீங்க எங்கயாச்சும் வாய விட்டீங்களா?" என்று கேட்டாள்.

"எதை?"

"எதையா? அண்ணன் சொன்னதை."

"எனக்கென்ன பைத்தியமா? கூடப் பொறந்தவரு அவரு."

"செயலாளரோட தினமும் நிக்கறீங்க."

"நெருப்பு கேப்பாரு, குடுப்பேன். அதுவும் தப்பா?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான். கோபப்பட்டதால் உண்மையைச் சொல்கிறானா, மாட்டிக்கொண்டதால் கோபப்படுகிறானா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிரும் புதிருமாக நின்று ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, ஒரே நேரத்தில் உதறி இழுக்க வேண்டும். பிறகு இருவரும் நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். ஒருத்தி முந்தினாலும் மடிப்பு கோணிவிடும். இந்த இரண்டு பேரும் மடிப்பதைப் பார்க்கவே நன்றாக இருக்கும். பேசிக்கொண்டே இருப்பார்கள், கை தன் பாட்டில் வேலை செய்யும். அந்த வாரம் பேச்சு நின்றது. முனை சேர்க்க நெருங்கி வரும்போது இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். விரல் பட்டால் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்கள். ஆச்சரியம் என்னவென்றால் மடிப்பு ஒன்றுகூடக் கோணவில்லை.

வீட்டிலும் அப்படித்தான். பெரியவள் ரொட்டியை வெட்டி மேசையில் வைத்துவிட்டு அறைக்குப் போய்விடுவாள். சமையலறையில் ஒருத்தி இருந்தால் மற்றவள் வர மாட்டாள். உப்பு எங்கே என்று கேட்பதற்குக்கூடப் புருஷனைத் தூது அனுப்பினார்கள்.

வியாழக்கிழமை மழை சற்று விட்டது. முற்றத்துக் கொடியில் பெரியவள் விரிப்புகளைப் பரத்திக்கொண்டிருந்தாள். இஸ்திரிப் பிரிவில் வேலை செய்கிற பெண் இரண்டு விரிப்புகளுக்கு நடுவே புகுந்து வந்து நின்றாள். அவர்கள் பிரிவு வேறு. அவர்களுக்குக் கூட்டம் புதன்கிழமையில்.

"அக்கா, என்னை மன்னிச்சுருங்க. நீங்க குடுத்தது இவ்வளவு பெருசா போகும்னு எனக்குத் தெரியாது."

"நான் என்னத்தக் குடுத்தேன்?"

"படியில நின்னு ஒன்னு கேட்டேனே, கையில மாவோட வந்தீங்க. 'திட்டறதுக்கு முதலாளி இல்லையேன்னு ஒரு நெனப்பு வந்துச்சு, அது தப்புன்னு அப்புறம் புரிஞ்சுதுன்னு சொல்லு, போ'ன்னீங்க."

பெரியவளுக்குக் கை நின்றுபோனது.

"சொன்னேன். எங்க கூட்டம் முடிஞ்சதும் செயலாளர் என்னைத் தனியா கூப்பிட்டு, இது உன் புத்தி இல்லையே, எங்க கேட்டன்னு குடைஞ்சாரு. கொழந்தைங்க இருக்கே அக்கா எனக்கு. உங்க பேரச் சொல்லல. பாய்லர் பக்கம் கேட்ட மாதிரி இருக்குன்னு மட்டும் சொல்லிட்டேன்."

அவள் போய்விட்டாள். பெரியவள் ஈர விரிப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். எத்தனையோ பேருக்கு எத்தனையோ கொடுத்திருக்கிறாள். அடுப்பில் வேலை இருந்த அவசரத்தில், மனதில் எது மேலாக நின்றதோ அதை எடுத்துக் கொடுத்துவிட்டாள். அது புருஷன் சொன்னது என்பதுகூட அப்போது நினைவில்லை. ஒரு பாவமும் அறியாத பெண்ணை இத்தனை நாள் மனதுக்குள் போட்டு வறுத்தெடுத்தோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

உடனே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் ஒருத்திக்குச் சொன்னால் இன்னொருத்திக்குப் போகும், தப்பு கொடுத்து வாங்குகிற விஷயம் வெளியே வந்தால் குடியிருப்பில் பாதிப் பேர் கல்லுடைக்கப் போக வேண்டும். அதனால் வாயை மூடிக்கொண்டாள். புருஷனிடம் மட்டும், "நாளன்னிக்கி நீங்க எழுந்திருக்கக் கூடாது. சொன்னது நான்னு சொல்லிக்கறேன். எனக்கு நாக்கு நீளம்னு ஊருக்கே தெரியும், பொம்பளைங்கறதால ரெண்டு திட்டு திட்டிட்டு விட்ருவாங்க" என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை யாரும் யாருக்கும் தப்பு கொடுக்கவில்லை. கூட்டத்துக்கு அவர்கள் பேசி வைத்துக்கொள்ளாமல் போனது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை கூடத்தில் ஆவியும் பிளீச்சிங் வாடையும் மூச்சை அடைத்தன. "அந்தப் பேச்சு" என்று செயலாளர் ஆரம்பிக்கிறதற்குள் இளையவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"அதைச் சொன்னது நான்தான் தோழர். தப்புதான்."

அவளுடைய யோசனை சுலபமானது. காட்டிக்கொடுத்தது தன் புருஷன் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அந்தப் பாவத்தைக் கழுவ வேண்டும். பிள்ளைத்தாய்ச்சியைச் சட்டப்படி எங்கேயும் மாற்ற முடியாது. தன் மேல் போட்டுக்கொண்டால் பாய்லர்காரரும் அக்காவும் தப்பித்துவிடுவார்கள். எட்டு நாளாக முகம் கொடுக்காத அக்காவுக்காகத்தான் அவள் எழுந்து நின்றாள்.

பெரியவள் பதறிப்போனாள். செய்யாத குற்றத்துக்கு இந்தப் பெண் நிற்பதா? அவளும் எழுந்தாள். "அவ சொல்லல. அதைச் சொன்னது நான்தான்."

இரண்டு பெண்களும் நிற்பதைப் பார்த்த பிறகு பாய்லர்காரரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. "ரெண்டு பேரும் இல்ல தோழர்" என்று எழுந்தார். "சொன்னது நான். சாப்பாட்டு நேரத்துல வால்வப் பத்திப் பேச்சு வந்தப்ப சொன்னேன்."

பெஞ்சில் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார்கள். செயலாளர் சுருங்கின கையைத் தேய்த்துக்கொண்டே மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு இவர்கள் மேல் தனிப்பட்ட பகை ஒன்றும் கிடையாது. ஆனால் அவரும் மேலே போய்ப் பதில் சொல்ல வேண்டியவர்.

"ஒரு தப்புக்கு மூணு பேரா? ஒரே வீடு வேற. முன்னாடியே உக்காந்து பேசி வச்சுட்டு வந்திருக்கீங்க."

"இல்ல தோழர்" என்றாள் பெரியவள். "நாங்க பேசிக்கவே இல்ல. ஒரு வாரமா ஒரு வார்த்தை பேசிக்கல, வேணும்னா மடிக்கற எடத்துல கேட்டுப் பாருங்க."

"அதாவது பேசிக்காத மாதிரி நடந்துக்கலாம்னு பேசி வச்சீங்க."

வருஷக்கணக்காகப் பேசி வைத்துக்கொண்டு வந்து சொன்னதையெல்லாம் அந்தக் கூடம் தலையாட்டி நம்பியது. அன்றைக்குத்தான் ஒன்றும் பேசி வைக்காமல் வந்திருந்தார்கள்.

அப்புறம் எல்லாம் முறைப்படி நடந்தது. கல்லுடைக்கிற ஊரில் புதிதாக ஒரு சலவையகம் தொடங்குகிறார்களாம், அனுபவசாலிகள் தேவையாம். பாய்லர்காரரையும் மனைவியையும் அங்கே அனுப்பலாம் என்று குழு கருதுகிறது. பிள்ளைத்தாய்ச்சி இங்கேயே இருக்கலாம், அவள் மனதைக் கெடுத்தவர்கள் போனால் சரியாகிவிடுவாள். காலியாகிற அறை சட்டப்படி அவளுக்கே. ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள். எல்லாக் கையும் மேலே போனது. டிரைவர் தூக்கினான். பாய்லர்காரரும் பெரியவளுமே தூக்கினார்கள்; தூக்காவிட்டால் தம்பி குடும்பத்துக்கும் சேர்த்து வரும் என்று அவர்களுக்குத் தெரியும். இளையவள் மட்டும் கையை மடியில் வைத்திருந்தாள். டிரைவர் முழங்கையால் இடித்த பிறகு அவளும் தூக்கினாள்.

புறப்படுகிற அன்று காலையில் டிரைவர் லாரியில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தான். பாய்லர்காரர் கீழே நின்று கயிறு கட்டினார். சமையலறையில் பெண்கள் இரண்டு பேரும் மட்டும் இருந்தார்கள். பெரியவள் ஒரு சட்டியைத் துடைத்து இளையவளிடம் கொடுத்தாள்.

"இதை நீ வச்சுக்க. ஒன்னு சொல்லணும், கேட்டுக்க. உன்னை நான் சந்தேகப்பட்டேன். அறைக்கு ஆசைப்பட்டு நீதான் சொல்லிட்டன்னு நெனச்சேன்."

"தெரியும் அக்கா."

"நீ இல்ல. உன் புருஷனும் இல்ல. நான்தான். இஸ்திரிக்காரி வந்து ஒன்னு கேட்டா, யோசிக்காம எங்க வீட்டுக்காரர் சொன்னதத் தூக்கிக் குடுத்துட்டேன். அது அங்க சுத்தி இங்க வந்துருக்கு."

இளையவள் அவள் முகத்தையே பார்த்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"போகும்போது என்னைத் தேத்தறதுக்காக இப்படியெல்லாம் சொல்லாதீங்க அக்கா."

"தேத்தலம்மா. நெசமாத்தான்."

"அன்னைக்குக் கூட்டத்துலயும் இப்படித்தான் சொன்னீங்க, சொன்னது நான்தான்னு. என்னைக் காப்பாத்தறதுக்குப் பொய் சொன்னீங்க. இப்ப என் புருஷனைக் காப்பாத்தறதுக்குச் சொல்றீங்க. நான் அவர்கூட நிம்மதியா குடித்தனம் பண்ணணும்னு பாக்கறீங்க. எனக்கா தெரியாது உங்கள?"

பெரியவள் வாயைத் திறந்தாள். இஸ்திரிக்காரியைக் கேட்டுப் பார் என்று சொல்ல வந்தாள். கேட்டால் அந்தப் பெண் பயந்துபோய் இல்லவே இல்லை என்றுதான் சாதிப்பாள். கீழேயிருந்து லாரி ஹாரன் அடித்தது. இளையவள் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். "உங்க மாதிரி யாரு இருப்பா அக்கா" என்றாள். பெரியவளுக்கு இதைவிடக் கன்னத்தில் ஒரு அறை விழுந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

ரயில் ஏற்றிவிட்டு டிரைவர் சாயங்காலம் திரும்பினான். அழுது முகம் வீங்கியிருந்தது. அண்ணன் கடைசியில் என்ன சொன்னார், அண்ணி எப்படி ஜன்னலோரம் உட்கார்ந்தாள் என்று சொல்லிக்கொண்டே கட்டிலைப் பெரிய அறைக்கு இழுத்துப் போட்டான். இளையவள் கேட்டுக்கொண்டு நின்றாள். நன்றாகத்தான் அழுகிறார் என்று அவளுக்குத் தோன்றியது. இப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. நினைப்பு நிற்கவில்லை.

"தொட்டில இங்க போட்டுக்கலாம்" என்றான் அவன். "என்ன, ஒன்னுமே பேச மாட்டேங்கற. அண்ணனப் பத்தி உன் மனசுல என்ன இருக்குன்னாவது சொல்லேன். இந்தக் குழு பண்ணினது நியாயமா, நீயே சொல்லு."

இளையவள் கதவைப் பார்த்தாள். சாத்தித்தான் இருந்தது. அறையில் அவனைத் தவிர வேறு யாரும் இல்லை.

"குழு பண்ணினா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.